குறைந்த விலையில் ஜிக் ராட் வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரை, ஊளி, வஞ்சிரம் போன்ற கடல்மீன்களுக்கு மெட்டல் ஜிக் (இரைக்குப் பதிலாகக் கட்டும் உலோக மீன்) வீசிப் பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: கையில் இருக்கிற காசுக்குள் எந்த ராட் (தூண்டில் கம்பு) வாங்கலாம்? அதற்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கடலோரத்தை மனதில் வைத்து எழுதியது. குளம், அணை பற்றி ஒரே ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது.

ஜிக் போடுவதற்கு ஏன் தனி ராட்? தூண்டில் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இரை கோர்த்து வீசும் தூண்டிலில் ராட்டின் வேலை இரண்டு: வீசுவது, மீன் மாட்டினால் இழுப்பது. மற்ற நேரமெல்லாம் அது மணலில் ஊன்றிய குழாயில் நிற்கும். ஜிக்கில் இரையே கிடையாது. மீன் வடிவில் வார்த்த உலோகக் கட்டி, அதன் தலைப்பக்கம் சிறு கயிற்றில் தொங்கும் ஒன்றோ இரண்டோ முள், அவ்வளவுதான். அடிவரை இறங்கவிட்டு, ராட்டால் வெட்டி (சட்டென்று சுண்டி) இழுத்து, ரீலை, அதாவது நூல் சுற்றும் சக்கரத்தைச் சுற்றி, மறுபடி விழவிட வேண்டும். அடிபட்ட மீன் தடுமாறுவது போல அந்தக் கட்டி நடிப்பதற்கு ராட்தான் காரணம். பெரும்பாலும் அது விழும்போதுதான் மீன் அடிக்கும்.

காலை முழுவதும் விடாமல் இதைச் செய்ய வேண்டியிருப்பதால், ராட் கனமாக இருந்தால் தோள்பட்டை சீக்கிரமே விட்டுவிடும். தொளதொளவென்று இருந்தால் நீங்கள் கையில் கொடுக்கும் வெட்டு ஜிக் வரை போய்ச் சேராது. குறைந்த விலை ராட்டிலும் இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மற்ற எதையும் விட்டுக்கொடுக்கலாம்.

வீட்டில் ஒரு பழைய ஃபைபர் கிளாஸ் ராட் இருக்கிறது. அதில் பழகலாமா?

அது ஐந்தாறு அடியில் தடித்த கட்டைராட் என்றால், படகில் இருந்து நேராகக் கீழே இறக்குவதற்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். படகில் வீச வேண்டிய வேலை இல்லை, கண்ணாடியிழை அவ்வளவு எளிதில் உடையவும் உடையாது. கரையில் இருந்து வீச மட்டும் வேண்டாம். முழுக் கண்ணாடியிழை ராட் மெதுவாக வளைந்து மெதுவாகத்தான் நிமிரும். உங்கள் வெட்டில் பாதியை அந்த வளைவே விழுங்கிவிடும்.

அப்படியானால் முதலில் எதை முடிவு செய்வது?

எங்கே நின்று வீசப் போகிறீர்கள் என்பதை. இடம் தெரிந்தால் ஜிக்கின் எடை தெரியும், ஜிக்கின் எடை தெரிந்தால் ராட் தானாகத் தெரிந்துவிடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தள்ளுபடியில் கிடைத்த ராட்டை வாங்கிவிட்டு, அதற்கு ஏற்ற கடலைத் தேடுகிறார்கள்.

வடசென்னைக் கரையில் கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுகளைப் பாருங்கள். கல் முடியும் இடத்தில் தண்ணீர் அவ்வளவு ஆழம் கிடையாது. அங்கே 20 முதல் 40 கிராம் ஜிக் போதும். முகத்துவாரங்களிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். குமரி மாவட்டத்து முட்டம் போலப் பாறைக்கரையில் எதிர்காற்றில் தூரமாக வீச வேண்டியிருந்தால் 40 முதல் 60 கிராம் வரை தேவைப்படும். படகில் போனால் கணக்கே வேறு. ஒரு மீட்டர் ஆழத்துக்கு இரண்டரை, மூன்று கிராம் என்று தொடங்கலாம். 30 மீட்டர் ஆழத்துப் பாருக்கு (கடலடிப் பாறைத்திட்டுக்கு) 80 அல்லது 100 கிராம் வரும். நீரோட்டம் இழுத்தால் அதற்கும் மேலே போக வேண்டும். ஜிக் தரையைத் தொட்டதே கையில் தெரியவில்லை, நூல் சாய்வாகப் போய்க்கொண்டே இருக்கிறது என்றால் எடை போதவில்லை என்று அர்த்தம்.

ராட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தும் எண்ணும் என்ன சொல்கின்றன?

கைப்பிடிக்குச் சற்று மேலே பாருங்கள். உதாரணத்துக்கு இப்படி இருக்கும்: 2.90 மீட்டர், எம்.எச்., 30–60 கிராம், பி.ஈ. 1.5–3.

எம்.எச். என்பது ராட்டின் பலம், அதாவது நடுத்தரத்துக்கும் வன்மைக்கும் இடைப்பட்டது. எல். என்றால் இலகு, எம். நடுத்தரம், எச். வன்மை. இந்த எழுத்துக்கு எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் எம். இன்னொரு நிறுவனத்தின் எம்.எச். போல இருக்கும். அதனால் எழுத்தை ஓரமாக வைத்துவிட்டு கிராமைப் பாருங்கள்.

30–60 கிராம் என்றால் அந்த ராட்டில் வீசக்கூடிய எடை. மலிவான ராட்களில் மேல் எல்லையைக் கொஞ்சம் தாராளமாகவே அச்சிட்டிருப்பார்கள். 60 என்று போட்டிருந்தால் 60 கிராம் ஜிக்கை முழு வேகத்தில் விசிறக் கூடாது. நடுப்பகுதிதான் அதன் சொந்த வீடு. இந்த ராட்டுக்கு 40, 45 கிராம் ஜிக் வாங்குங்கள், தூரமும் கிடைக்கும், கம்பும் பிழைக்கும். 20 கிராமைக் கட்டினால் ராட் வளையவே வளையாது. உங்கள் கை மட்டும்தான் வீசிக்கொண்டிருக்கும்.

படகு ராட் வாங்குகிறவர்கள் இங்கே இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ராட்களில் 'ஜிக் 150 கிராம்' என்று இருக்கும். அது நேராகக் கீழே இறக்கி ஆட்டும் எடை. அதே ராட்டில் 150 கிராமைப் பக்கவாட்டில் வீசினால் நுனி முறியும். வீசும் எடையா இறக்கும் எடையா என்று அச்சில் தெளிவாக இல்லை என்றால், ஆறரை அடிக்குக் குறைந்த ஜிக் ராட்களில் அது இறக்கும் எடை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பி.ஈ. என்பது பின்னல் நூலின் தடிமன். ஜப்பானிய அளவுமுறையில் பி.ஈ. 1 என்றால் சுமார் 0.165 மில்லிமீட்டர், பி.ஈ. 2 சுமார் 0.235 மில்லிமீட்டர். அறுபடும் எடை நூலின் தரத்தைப் பொறுத்தது, ஆகவே பெட்டியின் மேல் உள்ள பவுண்டு எண்ணைத் தனியாகப் பாருங்கள். கரைக்கு பி.ஈ. 1.5 அல்லது 2 போதுமானது. சிலர் பயத்தில் 4, 5 என்று தடித்த நூலைச் சுற்றுவார்கள். காற்றில் அது வில் போல வளைந்து பறக்கும், வீசும் தூரம் குறையும், ஜிக் இறங்க நேரமாகும். அதைவிட முக்கியமாக, ராட்டின் தாங்குசக்தியைத் தாண்டிய நூல் கட்டினால் சிக்கலில் முதலில் முறிவது ராட்தான், நூல் அல்ல.

'ஃபாஸ்ட் ஆக்‌ஷன்' என்கிறார்களே, அது வேண்டுமா?

ராட் எந்த இடத்தில் வளைகிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நுனிப்பக்கம் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், நடுவரை வளைந்தால் மாடரேட். கரை ஜிக்கிங்குக்கு ஃபாஸ்ட், அல்லது அதற்கு ஒரு படி கீழே. எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் என்று மலிவு விலையில் வருவதைத் தவிருங்கள். பழகாத கையில் அவை மன்னிக்காது.

எவ்வளவு நீளம்?

கரைக்கு 9 அடி சுற்றி. கல்லும் அலையும் அதிகமான இடத்தில் 9½, 10 அடி வசதி. 10 அடிக்கு மேலே போனால் வீசத் தூரம் கிடைக்கும், ஆட்டக் கை தாங்காது. படகுக்கு 5½ முதல் 6½ அடி. உயரம் குறைந்தவர்கள் கரைக்கு 8½ அடி எடுத்தாலும் ஒன்றும் இழப்பில்லை.

கார்பனா, கண்ணாடியிழையா? '40 டன் கார்பன்' என்று போட்டிருக்கும் ராட் நல்லதா?

கரைக்குக் கார்பன், ஆனால் அந்த டன் எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த எண் இழையின் விறைப்பைக் குறிப்பது. எண் ஏற ஏற அதே விறைப்பைக் குறைந்த பொருளில், குறைந்த எடையில் கொண்டுவர முடியும். சுவர் மெல்லியதாவதால் அடி பட்டால் தாங்கும் தன்மையும் குறையும். விலை கூடிய ராட்டில் நிறுவனம் அதற்கு ஏற்றபடி வடிவமைத்து, குறுக்கு இழை சுற்றி வலுவூட்டியிருக்கும். இரண்டாயிரம் ரூபாய் ராட்டில் 40 டன் என்று எழுதியிருந்தால், ஒன்று அது சும்மா எழுதியதாக இருக்கும், இல்லையென்றால் கல்லில் ஒரு தடவை தட்டினாலே போய்விடும் வகையாக இருக்கும். இந்த விலையில் 24 டன், அல்லது கார்பனும் கண்ணாடியிழையும் கலந்தது என்று நேர்மையாக எழுதியிருப்பதையே நான் எடுப்பேன்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

மலிவான ராட் கெட்டுப்போவது எப்போதும் அதே சில இடங்களில்தான்: நூல் ஓடும் வளையங்கள், நுனி, இரண்டு துண்டும் சேரும் பொருத்து, ரீலை மாட்டும் ரீல் சீட். அங்கே மட்டும் பார்த்தால் போதும். கம்பின் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வளையங்களில் தொடங்குங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்துப்போய் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றிவிட்டு இழுங்கள். பஞ்சு இழை எங்காவது சிக்கினால் உள்ளே விரிசலோ பிசிறோ இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிறுதான் பின்னல் நூலை நார்நாராக்கும். வளையத்துக்குள் பீங்கான் பூண் இருக்க வேண்டும். வெறும் கம்பி வளையத்தில் பின்னல் நூல் ஓடினால் கொஞ்ச நாளில் பள்ளம் விழுந்துவிடும். பூணைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள், அசையக் கூடாது. வளையத்தின் காலைப் பிடித்து ஆட்டினால் நூல்கட்டு நகரக் கூடாது.

அடுத்து, கைப்பிடிப் பக்கத்தைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கி குறிபார்ப்பது போல நுனிவரை நோக்குங்கள். எல்லா வளையமும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஒன்றிரண்டு ஒருபக்கம் சாய்ந்திருப்பது மலிவு ராட்டில் சகஜம். அது பொருத்தில் திருகினால் சரியாகிவிட்டால் பரவாயில்லை, ஒரே துண்டுக்குள்ளேயே கோணலாக இருந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரே மாடலில் நான்கு ராட் இருந்தால் நான்கையும் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பொருத்தைச் செருகி ஆட்டும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் வேண்டாம். முழுதாக உள்ளே போய் முட்டிவிடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு இறுகுவது நல்ல பொருத்து. தேயத் தேய இறங்குவதற்கு அந்த இடைவெளி வேண்டும்.

உங்கள் ரீலைக் கையோடு கொண்டு போங்கள். ரீல் சீட்டில் மாட்டி இறுக்கி, ரீலைப் பிடித்து வலதும் இடதுமாக ஆட்டுங்கள். இப்போதே ஆடினால் கடலில் ஒவ்வொரு அரைமணிக்கும் இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கடைசியாக, நூலை வளையங்கள் வழியே கோர்த்து நண்பரிடம் நுனியைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு, ராட்டை மெதுவாகச் சாய்த்து வளையுங்கள். வளைவு ஒரே சீராக ஓட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மடிந்தது போலத் தெரிந்தால் அங்கேதான் முறியும். வளையங்களுக்கு இடையில் நூல் கம்பைத் தொட்டால் வளையங்களின் எண்ணிக்கை போதவில்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: நுனியைக் கையால் பிடித்து மடக்கிப் பார்ப்பது. அப்படி மடக்கினால் நல்ல ராட்டும் முறியும்.

ஃபூஜி வளையம் என்று விளம்பரம் செய்கிறார்கள். நம்பலாமா?

ஃபூஜி ஜப்பானிய நிறுவனம், அவர்களுடைய வளையங்கள் நம்பகமானவைதான். விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எல்லா வளையமும் ஃபூஜியா, ரீல் சீட் மட்டும் ஃபூஜியா? விலை குறைந்த ராட்களில் பெரும்பாலும் ரீல் சீட் மட்டும்தான்.

ஆன்லைனில் வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டு எச்சரிக்கையோடு. ராட் தடித்த பிளாஸ்டிக் குழாயில் வருகிறதா, மெல்லிய அட்டையில் வருகிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பார்சல் பிரிப்பதை ஆரம்பம் முதல் வீடியோ எடுங்கள், நுனி முறிந்து வந்தால் அதுதான் சாட்சி. மேலே சொன்ன பஞ்சுக்குச்சிச் சோதனையை வீட்டில் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? எதில் மிச்சம் பிடிக்கலாம்?

கரைக்கு முதல் ராட் என்றால் 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் தேடுங்கள். அதற்கும் கீழே போனால் வளையமும் பொருத்தும் சொதப்பும். அதற்கு மேலே கொடுப்பதில் எடை குறைவும் சுகமும் கிடைக்கும், மீன் கூடுதலாகக் கிடைக்காது.

மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு ராட்டுக்கு, ரீலுக்குச் சற்று அதிகம், மிச்சம் நூலுக்கும் ஜிக்குக்கும். ரீலின் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலைச் சீராக விட்டுக்கொடுக்கும் அமைப்பு, மலிவு ராட்டுக்கு ஆயுள் காப்பீடு. கரைக்கு 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் பொருந்தும். படகுக்கு 5000, 6000. ஜிக்கில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். கல்லில் மாட்டி அறுந்துபோவதற்கென்றே பிறந்தவை அவை. பெயர் தெரியாத சாதாரண ஜிக்கில் நல்ல முள்ளை மட்டும் மாற்றிக் கட்டினால் போதும்.

எந்த பிராண்ட்?

டைவா, ஷிமானோ, அபு கார்சியா, ஒகுமா எல்லாவற்றிலும் கீழ்வரிசை மாடல்கள் உண்டு. டெகத்லான் கடைகளில் கேப்பர்லான் என்ற அவர்களுடைய சொந்தப் பெயரில் கிடைக்கும். பெரிய பெயரின் கடைசி மாடலா, சின்னப் பெயரின் நல்ல மாடலா என்ற கேள்விக்கு, உங்கள் ஊரில் உதிரி நுனிவளையமும் பழுதுபார்ப்பும் எதற்குக் கிடைக்கும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

மடக்கி வைக்கும் டெலஸ்கோப்பிக் ராட்?

ஜிக்குக்கு வேண்டாம். வெட்டி வெட்டி இழுப்பதில் ஒவ்வொரு கணுவும் தளரும், உப்பும் மணலும் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். பேருந்தில் கொண்டுபோக வேண்டும் என்றால் மூன்று, நான்கு துண்டாகக் கழற்றும் பயண ராட் வாங்குங்கள்.

ஒரே ராட்டில் கரையும் படகும் இரண்டும் சமாளிக்க முடியாதா?

முடியாது என்றே சொல்வேன். 9 அடி ராட்டைப் படகில் வைத்துக்கொண்டு காலடியில் நேராக மீனை மேலே கொண்டுவருவது பெரும்பாடு, ராட்டுக்கும் ஆபத்து. எது அதிகம் போவீர்களோ அதற்கு வாங்குங்கள். படகுக்குப் போகும் நாளில் நண்பரிடம் கட்டைராட் கடன் வாங்கலாம்.

நல்ல ராட்டே முறிந்துவிட்டது என்று புலம்புகிறார்களே, ஏன்?

மீன் முறித்த ராட் குறைவு. பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது, ராட்டைத் தலைக்குப் பின்னால் வரை நிமிர்த்துவது. மீன் காலடிக்கு வந்ததும் எல்லாருக்கும் வரும் ஆசை அது. ராட் செங்குத்தைத் தாண்டியதும் அடிப்பகுதியின் பலம் பயனற்றுப்போய் முழுச் சுமையும் மெல்லிய நுனியில் ஏறும். ராட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டு பின்னால் நடந்து, மீனை அலையோடு கரையேற்றுங்கள். கல்மேல் நின்றால் வலையோ கொக்கியோ வேண்டும். ராட்டால் மீனைத் தூக்கிப் போடக் கூடாது.

இரண்டாவது, கல்லில் மாட்டிய ஜிக்கை ராட்டால் வெட்டி வெட்டி எடுக்கப் பார்ப்பது. ராட்டை நூலுக்கு நேராக நீட்டி, நூலை ஒரு துணியில் அல்லது கட்டையில் சுற்றிப் பின்னால் நடந்து இழுங்கள். வெறுங்கையில் பின்னல் நூலைச் சுற்றினால் சதையை அறுத்துவிடும்.

மூன்றாவதுதான் யாரும் கவனிக்காதது. வண்டியில் போகும்போது தொங்கும் ஜிக் கம்பில் அடித்துக்கொண்டே வரும். கார்பனில் அந்தக் கொத்து சிறு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. பிறகு ஒரு நாள் சாதாரணமாக வீசும்போது அதே இடத்தில் முறியும். பயணத்தின்போது ஜிக்கைக் கழற்றிவிடுங்கள்.

பழைய ராட் வாங்கலாமா?

வாங்கலாம். அந்த வெள்ளைப் புள்ளிகளை வெயிலில் திருப்பித் திருப்பித் தேடுங்கள். வளையக் காலடியில் பழுப்புக் கறை இருந்தால் உள்ளே துரு ஏறியிருக்கிறது. நுனியில் ஓரிரு அங்குலம் குறைந்த ராட் என்றால் பாதி விலைக்கும் வேண்டாம்.

அணையிலும் ஏரியிலும் விராலுக்கு இதே ராட் ஆகுமா?

ஆகாது. அங்கே 5 முதல் 20 கிராம் வரை ஜிக் ஹெட்டில் (உலோகத் தலை வைத்த முள்ளில்) ரப்பர் மீன் மாட்டி வீசுவார்கள். ஆறரை, ஏழு அடியில் எம். அளவு ராட் வாங்குங்கள். தாமரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய இடம் என்றால் எம்.எச்.

வாங்கிய பிறகு எங்கே வீசக் கூடாது?

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே தூண்டில் போடக் கூடாது. துறைமுக எல்லைக்குள்ளும் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். மீனவர்கள் வலை விரித்திருக்கும் பக்கம் ஜிக் வீசாதீர்கள். உங்கள் முள் கிழிக்கும் வலை அவர்களுடைய பிழைப்பு.

கார்பன் மின்சாரம் கடத்தும். இடி இறங்கும் வானத்தில் ராட்டைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள். கரைக்குப் போகும் வழியில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிக்குக் கீழே நீளமாக நிமிர்த்திக்கொண்டு நடக்காதீர்கள்.

எப்படிப் பராமரிப்பது?

வீட்டுக்கு வந்ததும் அன்று இரவே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு இடுக்குக்குள் போய்விடும், ஈரத்துணியால் மெதுவாகத் துடைப்பதே மேல். வளையக் காலடிகளையும் ரீல் சீட்டின் மரையையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். இரண்டு துண்டையும் கழற்றியே காயவிடுங்கள், செருகியபடியே விட்டால் உப்பு பிடித்துக் கழற்றவே வராது. அப்படிப் பிடித்துக்கொண்டால் திருகாதீர்கள். பொருத்தின் வெளித்துண்டின் மேல் சற்று வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, இருவர் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். பொருத்தில் அவ்வப்போது ஒரு துண்டு மெழுகைத் தடவிவைத்தால் அந்தப் பிரச்சினையே வராது.